கூடத்தில் ஓர் ஆகாயக் கப்பல்

வேலைவெட்டியின்றிக் கனவு காண்பவனைப் பார்த்து, "ஆகாயக் கோட்டை கட்டுகிறான்" என்று சொல்வது நம் வழக்கு. சென்ற ஆண்டு ஆவணி முதல் இவ்வாண்டு தை வரையில், செம்பூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது ஏறக்குறைய அந்தக் காரியமே. கோட்டைக்குப் பதிலாகக் கப்பல், அவ்வளவுதான் வேற்றுமை. நாலடி நீளம், சிறுவர் விளையாடும் லெகோ கட்டைகள் ஏறத்தாழ 6,000, கட்டியவர்கள் 17 வயதுப் பெண் ஒருத்தியும் 13 வயதுப் பையன் ஒருவனும். பொங்கல் விழாவையொட்டி நம் சங்கத்தில் நடந்த சிறுவர் கண்காட்சியில் அதைக் கண்ட அன்பர் சிலர், "எப்படிக் கட்டினார்கள் என்பதை எழுதுங்களேன்" என்று கேட்டார்கள். ஆறு மாதம் தாமதித்து இப்போது எழுதுகிறேன். தாமதத்திற்குக் காரணம் சோம்பல் மட்டும் அன்று. அதைக் கடைசியில் சொல்லுகிறேன்.

எங்கள் வீட்டில் ஒரு கூடம், ஒரு படுக்கையறை, ஒரு சமையலறை. என் தகப்பனார், நான், என் மனைவி, இரண்டு குழந்தைகள் என ஐந்து பேர். கட்டைகள் குடியிருந்ததோ ஒரு பழைய அரிசி டிரம்மில். பெண்ணின் நாலாவது பிறந்த நாளுக்கு வாங்கிய சிறு பெட்டி ஒன்றிலிருந்து தொடங்கிய சொத்து அது. பிறகு பிறந்த நாள்தோறும் கொஞ்சம் சேர்ந்தது. மாற்றலாகி ஊரைவிட்டுப் போன குடும்பத்தார், "இவற்றை எங்கே சுமந்துகொண்டு போவது?" என்று எங்கள் குழந்தைகளிடம் விட்டுச் சென்றவையும் சேர்ந்தன. நிறுத்துப் பார்த்தபோது உள்ளே 13 கிலோ இருந்தது. புதிதாக வாங்கினால் விலை மிகுந்த பொருள் இது. ஆகையால் பதின்மூன்று ஆண்டுச் சேமிப்பு என்றே அதைக் கருதவேண்டும்.

பெண்ணுக்கு அது பன்னிரண்டாம் வகுப்பு. பரீட்சை முடிந்தால் மேற்படிப்புக்கு வெளியூர் போய்விடுவாள் என்பது முன்பே முடிவாகியிருந்தது. அதற்குள் அக்காளுடன் சேர்ந்து, இதுவரை கட்டாத பெரிய உருப்படியாக ஒன்று கட்டிவிடவேண்டும் என்பது பையனின் ஆசை. அவன் அதை அவ்வாறு வாய்விட்டுச் சொல்லவில்லை, "ஆகாயக் கப்பல் கட்டலாமா, அக்கா?" என்று மட்டும் கேட்டான். பரீட்சை ஆண்டில் இது என்ன கூத்து என்று என் மனைவி கேட்டதில் தவறு ஒன்றும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை முழுவதும், மற்ற நாட்களில் இரவு உணவுக்குப் பின் அரை மணியும் என்று உடன்படிக்கை ஏற்பட்டது. அதை இரு தரப்பினரும் அவ்வப்போது மீறினார்கள்.

அவர்கள் கட்ட நினைத்தது, உண்மையாகப் பறந்த கப்பல்களின் மாதிரி அன்று. ஜெர்மனியில் கவுன்ட் செப்பலின் என்பவர் 1900-ஆம் ஆண்டு ஜூலை 2-ஆம் நாள் போடன்ஸே ஏரியின்மேல் முதன்முதலாகப் பறக்கவிட்ட கப்பல் நீண்ட சுருட்டைப் போன்றது. அதன் பின் வந்தவையும் அந்த இனத்தைச் சேர்ந்தவையே. கதைகளில் வருவது வேறு ஜாதி. மேலே பெரியதொரு வாயுப் பை; அதன் கீழே தளமும் சுக்கானும் சன்னல்களும் கொடியும் அமைந்த பாய்மரக் கப்பலின் உடல். கணக்குப் பார்த்தால் இது பொருந்தாது. ஒரு மரக் கப்பலைத் தூக்கவேண்டுமானால், பை அதைப்போல் எத்தனையோ மடங்கு பெரிதாக இருத்தல் வேண்டும். ஆனால் கண்ணுக்கு அழகாயிருக்கிறது. கதைக்கு அது போதும்.

இந்தக் கனவுக்கு வயது அதிகம். பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் 1886-ஆம் ஆண்டில் வெளியிட்ட ரோபர் கதையில் வரும் ஆல்பட்ராஸ் என்னும் கப்பலுக்குப் பையே கிடையாது. 37 கம்பங்களின் உச்சியில் சுழலும் விசிறிகளே அதைத் தூக்கும். பாரம் குறையவேண்டும் என்பதற்காக அக்கப்பலை அழுத்திக் கெட்டியாக்கிய காகிதத்தால் ஆக்கியிருந்தார் வெர்ன். கற்பனை செய்யும்போதும் எடையை மறக்கவில்லை அந்த மனிதர்! ஜப்பானியரான மியாசாகி 1986-இல் எடுத்த சித்திரப்படத்தின் பெயரே ஆகாயக் கோட்டை என்று பொருள்படும். அதில் பலவகை ஆகாயக் கப்பல்கள் வருகின்றன. எங்கள் பிள்ளைகளுக்கு ஆசையை மூட்டியது அந்தப் படந்தான். நம் சீவக சிந்தாமணியிலும், சச்சந்தன் தன் தேவிக்காக மயில் வடிவப் பொறி ஒன்றைச் செய்வித்ததும், பகைவர் சூழ்ந்தபோது அவள் அதில் ஏறித் தப்பிச் சென்றதும், சுடுகாட்டில் இறங்கிச் சீவகனைப் பெற்றதும் நேயர்கள் அறிந்தவையே. பிள்ளைகள் வெர்னையும் சிந்தாமணியையும் படித்தவர்கள் அல்லர். என் தகப்பனார் சிந்தாமணிக் கதையைச் சொன்னபோது பையன் கேட்ட ஒரே கேள்வி, "அந்த மயிலின் எடை எவ்வளவு, தாத்தா?" என்பது.

கட்டையைப் பற்றியும் சிறிது சொல்லவேண்டும். டென்மார்க்கில் பில்லுண்ட் என்னும் சிற்றூரில் தச்சுப் பட்டறை வைத்திருந்தவர் ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன். உலகமெங்கும் வியாபாரம் சீர்குலைந்திருந்த 1932-இல், வீடு கட்டுவோர் இல்லாமற்போகவே, மரப்பொம்மை செய்யத் தொடங்கினார். "நன்றாக விளையாடு" என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி 1934-இல் லெகோ என்று தம் தொழிலுக்குப் பெயரிட்டார். பிளாஸ்டிக் கட்டைகள் வெளிவந்தது 1949-இல். ஒன்றின்மேல் ஒன்று பொருந்தும் கட்டை என்ற எண்ணம் முற்றும் அவர்களுடையது என்று சொல்வதற்கில்லை. ஹிலாரி ஃபிஷர் பேஜ் என்ற ஆங்கிலேயர் அதற்கு முன்பே அத்தகைய கட்டைகளைச் செய்திருந்தார். ஆனால் அக்காலத்துக் கட்டைகளின் அடிப்புறம் வெறும் பொந்து. அடுக்கினால் நிற்குமே தவிர இறுகப் பிடிக்காது. அந்தப் பொந்துக்குள் குழல்களை வைத்து, கீழ்க்கட்டையின் குமிழ்கள் குழலுக்கும் சுவருக்கும் இடையே நெருக்குண்டு நிற்குமாறு செய்து, 1958 ஜனவரி 28-ஆம் நாள் காப்புரிமைக்கு மனுச் செய்தார் ஓலேயின் மகன் கோட்ஃப்ரெட். அவ்வாண்டு மார்ச்சிலேயே தகப்பனார் காலமாகிவிட்டார். 1958-இல் வார்த்த கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்துகிறது. அச்சுகளின் துல்லியம் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அளவுக்குள் இருப்பதே இதற்குக் காரணம். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் கட்டைகள் சில எங்கள் டிரம்மிலும் இருந்தன. பார்வைக்கு ஒன்றே, பொருத்தினால் சில கழன்று விழும், சில பல்லால் கடித்து இழுத்தாலும் பிரியா. பெண் அவற்றையெல்லாம் பொறுக்கித் தனியே ஒரு டப்பாவில் போட்டுவிட்டாள்.

எட்டுக் குமிழ் உள்ள ஆறு கட்டைகள், எல்லாம் ஒரே நிறம். அவற்றை எத்தனை விதமாக இணைக்கலாம்? கோபன்ஹேகன் பல்கலைக்கழகத்துக் கணித அறிஞர் ஸோரன் ஐலர்ஸ் கணக்கிட்ட விடை 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765. ஆறு கட்டைக்கே இப்படியானால் ஆறாயிரம் கட்டைகளுக்கு என்ன சொல்வது! இத்தனை வழிகள் இருந்தும் பிள்ளைகள் முதலில் தேர்ந்தெடுத்தது தவறான வழியை.

செங்கல் சுவர் எழுப்புவதுபோல அடுக்கிக்கொண்டே போனார்கள். கீழே கப்பல், அதன் தளத்திலிருந்து நான்கு மெல்லிய தூண்கள், அவற்றின்மேல் 120 செ.மீ. நீளமும் நடுவில் 32 செ.மீ. குறுக்களவும் உள்ள பை. அந்தப் பையை உள்ளே வெற்றிடமே இல்லாமல் அடைத்துக் கட்டுவதானால் எட்டுக் குமிழ்க் கட்டை ஏறக்குறைய 13,000 வேண்டும். எடை 30 கிலோ ஆகும். அத்தனை கட்டைக்கு எங்கே போவது? ஆகவே இரட்டைச் சுவராக எழுப்பி, இடையிடையே குறுக்குச் சுவர் வைத்தார்கள். அப்படியும் பை மட்டும் 9 கிலோ. ஐப்பசி முடிவில் அது எழுந்து நின்றது. பக்கத்து வீட்டு மராத்தியக் குடும்பத்தார் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பையன் மூன்று நாள் தரையில் நடக்கவில்லை.

கார்த்திகை மாதத்தில் ஓர் இரவு. மணி இரண்டு இருக்கும். சமையலறையில் பாத்திர அலமாரியே சரிந்துவிட்டது என்று எண்ணி நாங்கள் எழுந்து ஓடினோம். விளக்கைப் போட்டால், கூடம் முழுவதும் கட்டைகள். தாத்தாவின் கட்டிலுக்கு அடியில், தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால், செருப்பு வைக்கும் இடத்தில், எங்கும் கட்டைகள். யாரும் தொடவில்லை; காற்றும் இல்லை. தானாகவே சாய்ந்திருக்கிறது. பையன் அழவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, விடியும் வரையில் ஒரு வார்த்தை பேசவில்லை. "பொங்கலுக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறதடா" என்று அக்காள் சொன்னதற்கு, "உனக்குப் பரீட்சை இருக்கிறது, நீ படி" என்று மட்டும் பதில் சொன்னான். அந்தப் பதிலில் இருந்த கோபம் கட்டைகள்மேல் ஏற்பட்டதன்று என்பது எங்களுக்கெல்லாம் புரிந்தது. கட்டைகளை வாரி டிரம்மில் போட்டு மூடிவிட்டு, ஒரு வாரம் அவன் அந்தப் பக்கமே போகவில்லை.

அந்த வாரத்தில் பெண் ஒரு செய்தியைத் தேடிப் படித்தாள். இங்கிலாந்தில் திறந்தவெளிப் பல்கலைக்கழகத்தார் 2012-இல் நான்கு குமிழ்க் கட்டை ஒன்றை இயந்திரத்தில் வைத்து நசுக்கிப் பார்த்தார்களாம். ஏறத்தாழ 430 கிலோ பாரம் ஏற்றிய பிறகே அது நசுங்கியதாம். அப்படியானால் அத்தகைய கட்டைகளால் ஆன நான்கு தூண்கள் ஒன்பது கிலோவைத் தாங்காமல் ஏன் விழுந்தன? அவள் தூண்களைப் பொறுக்கி எடுத்துப் பார்த்தாள். ஒரு கட்டைகூட உடையவில்லை, விரிசலும் இல்லை. ஒவ்வொன்றும் அடுத்ததிலிருந்து கழன்றிருந்தது, அவ்வளவே. மேலிருந்து அழுத்தும் பாரத்தை இந்தக் கட்டை யானையைப்போல் தாங்கும். பாரம் சிறிது ஒருபுறம் சாய்ந்து தூண் வளைந்தாலோ, வளைவின் வெளிப்புறத்தில் குமிழ் பிடிவிட்டுக் கழலும். ஒரு குமிழ் விட்டால் அடுத்ததும் விடும்.

இதைக் கேட்டுக்கொண்டிருந்த என் தகப்பனார் திருவாரூர்க்காரர். "ஏன் அம்மாடி, நம் ஊர்த் தேர் எப்படி நிற்கிறது?" என்றார். ஆழித்தேரின் உயரம் 96 அடி என்பது பிள்ளைகளுக்கு அவர் பலமுறை சொன்ன பெருமை. அன்று சொன்னது வேறு. "தொண்ணூற்றாறு அடியும் மரமென்றா நினைத்தீர்கள்? மரமெல்லாம் கீழேதான். அதற்குமேல் மூங்கிலும் துணியும். மூங்கிலைக் கூடாகக் கட்டி, கயிற்றால் வரிந்து, சீலையைப் போர்த்துவார்கள். பார்க்கிறவனுக்கு மலைபோல் இருக்கும். மேலே ஏறிப் பார்த்தால் உள்ளே வெறும் காற்று. உச்சியில் பாரத்தை வைத்தால் வடம் பிடிப்பவன் கதி என்ன?" என்றார். சிறு வயதில் தேர் கட்டுகிறவர்களுக்கு மூங்கில் எடுத்துக் கொடுத்த கை அவருடையது.

பெண் சிறிது நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னாள்: "நாங்கள் தலைகீழாக யோசித்துவிட்டோம், தாத்தா. வானத்திலே பை கப்பலைத் தூக்குகிறது. நம் கூடத்திலே கப்பல்தான் பையைத் தூக்கவேண்டும்."

இந்த வகை மாதிரியைக் கட்டும் எவருக்கும் முதற்பாடம் இதுவே என்று எனக்குத் தோன்றுகிறது. பார்ப்பதற்கு மிதக்கும் பகுதி எதுவோ, அதுவே மேசையின்மேல் மிகப்பெரிய சுமை. உண்மைக் கப்பல்களைக் கட்டியவர்களும் வேறு வகையில் இதே எடைக் கணக்கோடு போராடியவர்களே. ஒரு கன மீட்டர் ஹைட்ரஜன் தூக்குவது ஏறக்குறைய 1.1 கிலோ. அதற்குள்தான் சட்டம், துணி, எஞ்சின், எண்ணெய், பிரயாணி, பிரயாணியின் பெட்டி எல்லாம் அடங்கவேண்டும். செப்பலின் கப்பல்களின் எலும்புக்கூடு டியூராலுமின் என்னும் இலேசான உலோகக் கலவை. வளையங்களும் நெடுஞ்சட்டங்களும் சேர்ந்த கூடு. அதற்குள் தனித்தனி வாயு அறைகள். மேலே துணிப் போர்வை. 245 மீட்டர் நீளமுள்ள ஹிண்டன்பர்க்கில் 1936-இல் பிரயாணிகளுக்காக ஒரு பியானோ வைத்தார்கள். அதையும் அலுமினியத்தில் செய்வித்தார்கள். எடை சுமார் 160 கிலோவுக்குள் அடங்கியது. மறு ஆண்டு மே 6-ஆம் நாள் அமெரிக்காவில் லேக்ஹர்ஸ்டில் அக்கப்பல் எரிந்து 36 உயிர்கள் மாண்ட செய்தி எல்லோரும் அறிந்தது.

நம் நாட்டோடு தொடர்புடைய கதை அதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. இங்கிலாந்திலிருந்து இந்தியாவுக்கு ஆகாயக் கப்பல் விடுவதென்று பிரிட்டிஷ் அரசாங்கம் திட்டமிட்டு, அக்காலத்தில் இந்தியாவைச் சேர்ந்திருந்த கராச்சியில் மாபெரும் கொட்டகை ஒன்றையும், கப்பலைக் கட்டி நிறுத்தும் கம்பத்தையும் எழுப்பிற்று. வரவேண்டிய கப்பலின் பெயர் ஆர் 101. கட்டி முடித்தபோது அதன் எடை திட்டத்தை மிஞ்சிவிட்டது; எதிர்பார்த்த சுமையைத் தூக்க இயலவில்லை. கப்பலை நடுவே இரண்டாக அறுத்து, இடையில் ஒரு பகுதியைப் புகுத்தி, மேலும் ஒரு வாயுப் பையைச் சேர்த்தார்கள். போதிய சோதனை செய்யாமல் 1930 அக்டோபர் 4-ஆம் நாள் மாலை புறப்பட்டது. மறுநாள் விடியுமுன் பிரான்சில் போவே நகருக்கு அருகில் தரையில் மோதி எரிந்தது. இருந்தவர் 54, இறந்தவர் 48, அவர்களுள் விமானத்துறை மந்திரி தாம்ஸன் பிரபுவும் ஒருவர். கராச்சிக் கொட்டகை கப்பலைக் காணாமலே முப்பது ஆண்டு நின்று, 1961-இல் பிரிக்கப்பட்டது. இக்கதையைப் பெண் படித்துச் சொன்னபோது பையன் டிரம்மை மீண்டும் திறந்தான். "நடுவில் அறுத்தார்களா?" என்று கேட்டான். அந்த யோசனைதான் பிற்பாடு எங்கள் கப்பலுக்கு உதவிற்று.

இரண்டாம் முறை முதலில் கூடு கட்டினார்கள். இதற்குச் சாதாரணக் கட்டை உதவாது; பக்கவாட்டில் வரிசையாகத் துளை உள்ள சட்டங்களும் துளையில் செருகும் முளைகளும் வேண்டும். இவை 1977 முதல் லெகோவில் கிடைக்கின்றன. குமிழின் பிடி இழுத்தால் விடும். முளையோ சட்டத்தின் குறுக்கே ஊடுருவி நிற்பதால் விடாது. ஐந்து எண்கோண வளையங்கள். அவற்றை இணைக்கும் நெடுஞ்சட்டங்கள். எண்கோணம் வட்டமாகுமா என்று சிலர் கண்காட்சியில் கேட்டார்கள். செப்பலின் கப்பல்களின் வளையங்களும் பலகோணங்களே. தூரத்திலிருந்து பார்க்கும்போது வட்டமாகத் தெரிகின்றன.

கூடு நின்றது, ஆனால் விரலால் தள்ளினால் கட்டில் நாடா தளர்ந்ததுபோல் ஆடிற்று. நாற்கோணம் எவ்வளவு இறுக்கினாலும் சாயும்; முக்கோணம் சாயாது. ஆகவே மூலைவிட்டமாகச் சட்டம் போடவேண்டும். துளைகளோ 8 மில்லிமீட்டருக்கு ஒன்றாக அமைந்தவை. மூலைவிட்டம் எந்தத் துளையிலும் சரியாக வந்து விழவில்லை. பையன் ஒரு ஞாயிறு முழுவதும் முயன்று சலித்துப்போனான். பள்ளியில் படித்த 3, 4, 5 முக்கோணம் நினைவுக்கு வந்தும் பொருந்தவில்லை. காரணம் வேடிக்கையானது: அவன் துளைகளை எண்ணிக்கொண்டிருந்தான், எண்ணவேண்டியது துளைகளுக்கு இடையிலுள்ள தூரத்தை. இடைவெளி 3, 4, 5 வரவேண்டுமானால் துளைகள் 4, 5, 6 வேண்டும். இதைக் கண்டுபிடித்தவுடன் முளை தானாக உள்ளே போயிற்று. கூடு இறுகிற்று. கணக்கு வாத்தியார் இருபது முறை சொல்லியும் ஏறாதது அன்று ஏறிவிட்டது என்று என் மனைவிகூட ஒப்புக்கொண்டாள்.

பிறகு போர்வை. மெல்லிய தகடுகளால் 16 குமிழ் அகலமுள்ள பலகைகள் செய்து, அவற்றைக் கீல்களால் கூட்டின்மேல் பக்கவாட்டில் மாட்டினார்கள். குமிழ் வானத்தைப் பார்க்கவேண்டும் என்பது பழக்கமே தவிர விதியன்று. பக்கம் பார்த்தும் கட்டலாம். அப்படிக் கட்டும்போது அளவு பொருந்துவதற்கு ஒரு சூத்திரம் உண்டு: ஐந்து தகடுகளின் கனம் இரண்டு குமிழ்களின் அகலத்துக்குச் சமம், இரண்டும் 16 மில்லிமீட்டர். இதை அறிந்தவன் எந்தத் திசையிலும் திரும்பிக் கட்டலாம். அறியாதவனுக்கு எங்காவது ஓர் இடுக்கு விட்டுப்போகும். இரண்டு முனைகளையும் கூம்பாக்குவதுதான் மிகுந்த சிரமம் கொடுத்தது. அதை விவரித்தால் இதழில் இடம் போதாது. மூன்று முறை பிரித்துக் கட்டினார்கள் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். முடிவில் சமையலறைத் தராசில் பகுதி பகுதியாக நிறுத்தபோது, பையின் எடை கூட்டுடன் 5 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. முன்னது ஒன்பது என்பதை நேயர்கள் நினைவுகூர்க.

தூண்களைத் தளத்தின்மேல் வெறுமனே நிறுத்தாமல், கப்பலின் அடிமரம் வரையில் இறக்கி, அங்கே முளைகளால் பூட்டினார்கள். கனமான கட்டைகளையெல்லாம் கப்பலின் வயிற்றில் போட்டார்கள். இது முற்றும் தாத்தாவின் தேர்.

ஒரு விஷயத்தில் மட்டும் தாத்தாவுக்கும் பேத்திக்கும் சச்சரவு நேர்ந்தது. பைக்கும் கப்பலுக்கும் இடையே வடங்கள் வேண்டும். பூத்தொடுக்கும் நூலை முறுக்கிக் கட்டிவிடலாம் என்றார் அவர், வாழைநாரும் கொண்டுவந்தார். வெளிப்பொருள் எதுவும் கூடாது, பசை கூடாது, கட்டையை வெட்டுதல் கூடாது என்பது இந்த விளையாட்டில் ஈடுபட்டோரிடையே எழுதாத சட்டமாம். கப்பல் பெட்டிகளோடு நூல் துண்டுகளும் வருவதுண்டு; டிரம்மின் அடியிலிருந்து அவற்றில் ஏழு கிடைத்தன. எட்டாவது வடம் இல்லை. பின்புறத்தில், சுவரைப் பார்த்த பக்கத்தில், ஒரே ஒரு வாழைநார் வடம் இருந்ததைக் கண்காட்சிக்கு வந்தவர் யாரும் கவனிக்கவில்லை. அதை யார் கட்டியது என்பதை நான் விசாரிக்கவில்லை.

கப்பலின் உட்புறம் பையனின் ராஜ்யம். பின்னால் மாலுமியின் அறை. நடுவே சமையற்கட்டு, அதில் இரண்டு வட்டக் கட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துக் காப்பி வடிகட்டி. தளத்தின் ஓரத்தில் பச்சை இலைகளால் இரண்டு வாழை. முன்புறத்தில் பெட்டிகள் அடுக்கிய ஓர் அறை. அது என்ன என்று கேட்டேன். "ஊருக்குப் போகிறவர்களின் சாமான். இந்தக் கப்பல் இரவு எட்டு மணிக்குச் செம்பூரில் கிளம்பி விடியற்காலை திருவாரூர் போய்விடும். முன்பதிவு கிடையாது, காத்திருப்போர் பட்டியல் கிடையாது" என்றான். கோடை விடுமுறைக்கு ரயில் டிக்கெட் எடுக்க முயன்றவர்களுக்கு, வெர்னின் கற்பனையைவிட இது பெரிய கற்பனை என்பது விளங்கும்.

கண்காட்சிக்கு எடுத்துச் செல்வதில் ஆர் 101 கைகொடுத்தது. பையை மூன்றாகவும் கப்பலை இரண்டாகவும் பிரித்துச் சேர்க்கும்படி முன்பே அமைத்திருந்தார்கள். முளைகளைப் பிடுங்கினால் பகுதி தனியே வந்துவிடும். வாழைப்பழ அட்டைப்பெட்டி ஐந்தில், பழைய வேட்டிகளைச் சுற்றி வைத்து, டாக்சியில் இரண்டு நடையாகக் கொண்டுபோனோம். சங்க மண்டபத்தில் சேர்த்து நிறுத்த நாற்பது நிமிஷம் ஆயிற்று. மேசையை யாரோ இடித்தபோது என் நெஞ்சு நின்றுவிட்டது. கப்பல் ஒருமுறை மெல்ல அசைந்து நின்றது; விழவில்லை.

அன்று ஐந்து வயதிருக்கும் சிறுமி ஒருத்தி, "இது பறக்குமா, அண்ணா?" என்று கேட்டாள். பையன் விளையாட்டாகப் பதில் சொல்லவில்லை. "இந்தப் பைக்குள்ளே ஹைட்ரஜனை நிரப்பினால் எழுபது கிராம் தூக்கும். அதாவது முப்பது கட்டை. கப்பலையும் பையையும் விட்டுவிட்டு, காப்பி வடிகட்டியையும் வாழை மரத்தையும் மட்டும் வேண்டுமானால் பறக்கவிடலாம்" என்றான். அந்தக் குழந்தைக்கு அது முற்றிலும் திருப்தியளித்த பதிலாகத் தோன்றிற்று. வாழை மரத்தையே பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றாள்.

பெண் பரீட்சை எழுதித் தேறினாள். ஆனி மாதம் புணேக்குப் போகவேண்டும். கப்பலைப் பிரித்து டிரம்மில் போட்டுவிடுவது என்றுதான் முதலில் இருந்தது. கூடத்தில் நாலடி மேசையை நிரந்தரமாக விட்டுக்கொடுக்க எங்களால் இயலாது. எந்தக் கட்டை யாருடையது என்ற பேச்சை இருவரும் எடுக்கவில்லை. ஒவ்வொரு ஞாயிறும், "அடுத்த வாரம் பிரிக்கலாம்" என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு வைகாசி முழுவதையும் போக்கினார்கள். இந்தக் கட்டுரை தாமதித்ததும் அதனால்தான். பிரித்த கதையையும் சேர்த்து எழுதலாம் என்று காத்திருந்தேன்.

அவள் புறப்படுவதற்கு முதல் நாள் இரவு, நான் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தபோது பையன் வந்து, கப்பலுக்கும் பைக்கும் இடையே இருந்த ஆறு முளைகளையும் பிடுங்கினான். வடங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்தான். கப்பலை மட்டும் இரண்டு பகுதியாக வேட்டியில் சுற்றி, அக்காளின் பெட்டியில், துணிகளுக்கு நடுவே வைத்தான். புத்தகங்களை வேறொரு பையில் மாற்றவேண்டியதாயிற்று.

இப்போது புணேயில் விடுதி அறையின் மேசையில் கப்பல் இருக்கிறது. அதற்குமேல் ஒன்றும் இல்லை. செம்பூரில் எங்கள் பீரோவின் உச்சியில் பை இருக்கிறது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆறு முளைகளையும் பையன் தன் பேனாப் பெட்டியில் வைத்திருக்கிறான். தீபாவளிக்கு அவள் வருவதற்கு இன்னும் மூன்று மாதம் இருக்கிறது. எட்டாவது வடத்துக்குச் சரியான நூல் துண்டு ஒன்று அகப்பட்டிருப்பதாகக் கடிதம் எழுதியிருக்கிறாள். தாத்தா அதை விரும்பவில்லை.